அண்ணன் ஸ்பூனை எடுக்கும்வரை

கோபம் வந்தால் மான்சோக்குக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். தென்கொரியாவின் புசான் நகரத்தில் அவனுடைய அணி தங்கியிருந்த வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் மூன்றாவது முறையாகத் தோற்று எழுந்தபோது, மூக்கு மிளகாய்ப் பழமாக இருந்தது.

கணினி ஆட்டம்தான். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவர்களுக்கு வெற்றி. மறுநாள் தகுதிச் சுற்று. அதில் ஜெயித்தால் மேல்வரிசைப் போட்டிக்குள் நுழையலாம். அணித்தலைவன் மான்சோக்குக்கு இருபத்தேழு வயது. நாட்டுச் சட்டப்படி டிசம்பரில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போயே ஆகவேண்டும். ஒன்பது வருஷமாக மேல்வரிசையை எட்டி எட்டிப் பார்த்தவனுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

"சான்யுலை மாத்துங்க கோச்," என்றான். "பத்தொன்பது வயசுக்குக் கை வேகம் அபாரம், ஒத்துக்கறேன். ஆனா வாயில என்ன கொழுக்கட்டையா? ஆட்டத்துல காட்டுக்குள்ள எதிரிங்க மூணு பேர் பதுங்கினது அவன் திரையிலதான் தெரிஞ்சுது. மூச்சு விடல. நான் போய் மாட்டிக்கிட்டேன்."

பயிற்சியாளர் போகியோங் அவசரப்படுகிற பெண் இல்லை. "நாளைக்கு ஆடறவங்க பேரை மூணு மணிக்குள்ள குடுக்கணும். முதல்ல போய்ச் சாப்பிடு. பசியோட ஆளை வெட்டாத."

படியிறங்கும்போது அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். ராணுவத்துக்கு எத்தனை ஜோடி காலுறை வேண்டும் என்பதிலேயே இருபது நிமிஷம் போய்விட்டது. சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், புளித்த முட்டைக்கோஸ் போட்ட கிம்ச்சிக் குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. அணியின் மற்ற நான்கு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் சாப்பிடலையா?"

"நீங்க வரலையேண்ணே," என்றான் சான்யுல்.

சமையல்கார அம்மாள் பொரிந்தாள். "நானும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டேன்! பெரியவன் ஸ்பூனை எடுக்காம தொட மாட்டாங்களாம். இவங்க வயிறு போடற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குது!"

அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். மான்சோக்கும் பெரியவர்களின் ஸ்பூனைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன்தான். உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தான். நான்கு கைகள் பாய்ந்தன. ஏதோ தோன்றி, கீழே வைத்தான். நான்கு கைகளும் அப்படியே நின்றன. சான்யுலின் ஸ்பூனில் பனீர் மாதிரி ஒரு டோஃபு துண்டு பாதி வழியில் ஆடிக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே, என்று நினைத்துக்கொண்டான். காலையில் காட்டுக்குள்ளேயும் இதே கதைதான்.

"சான்யுல், அந்த மூணு பேரைப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"ஏன்டா சொல்லல?"

பையன் டோஃபுவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்கண்ணே."

மான்சோக்குக்குச் சுருக்கென்றது. தலைவன் என்றால் ஓயாமல் பேசுகிறவன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆறிய குழம்பை வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு மாடியேறினான்.

"யாரையும் மாத்த வேணாம் கோச். நாளைக்கு சான்யுல் சொல்லட்டும். நான் கேக்கறேன்."

"உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"பிளாஸ்திரி ஒட்டிக்கறேன்."

அன்று பிற்பகல் பயிற்சி சிரிப்பாய்ச் சிரித்தது. "அண்ணே, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, கொஞ்சம் இடது பக்கமா..." என்று சான்யுல் இழுத்து முடிப்பதற்குள் திரையில் மான்சோக்கின் ஆள் காலி. "செத்தே போயிட்டேன்டா! இன்னும் கொஞ்சம் விட்டா பத்திரிகை வச்சு அழைப்ப போல!" சாயங்காலத்துக்குள் அது "அண்ணே, இடது!" என்று சுருங்கியது.

சனிக்கிழமை கடைசி ஆட்டம் இழுபறியில் நின்றது. காதுக் கருவியில் சான்யுலின் குரல் வந்தது.

"அண்ணே, நீங்க மட்டும் நேரா உள்ள போய்ச் சாவுங்க! நாங்க பின்பக்கமா வர்றோம்!"

மற்ற மூவருக்கும் மூச்சு நின்றது. அண்ணனைப் போய்ச் சாகச் சொல்கிறானே! மான்சோக்குக்கும் கை ஒரு கணம் தயங்கியது. கடைசிக் கோட்டையைத் தன் கையால் இடிக்க வேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பான். போனான். எதிரிகள் ஐவரும் அவன்மேல் விழுந்தார்கள். திரை சாம்பல் நிறமானது; செத்த ஆள் மீண்டும் எழ நாற்பது விநாடி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். முப்பத்தொன்றாவது விநாடியில் எதிரியின் கோட்டை சரிந்தது. அவன் அழுதான். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

சாயங்காலம் இறைச்சி சுடும் கடையில் சான்யுல் ஸ்பூன்களை வரிசையாக வைத்தான், தண்ணீர் ஊற்றினான், கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊரே பாக்க என்னைச் சாகச் சொன்னியே. சாப்பிட மட்டும் என்னடா மரியாதை?"

"அது ஆட்டம்ண்ணே. இது சாப்பாடு." சான்யுல் மேஜை அடுப்பை எட்டிப் பார்த்தான். "கறி கருகுது. சீக்கிரம் ஸ்பூனை எடுங்க!"

மான்சோக் மறுபேச்சில்லாமல் எடுத்தான்.