ஏனாத்தூர் ரோட்டுச் சுமைதாங்கி

“நல்லாப் புடிங்கபா, கனமா இருக்குது” என்றான் பாடையின் தலைமாட்டைத் தூக்கியவன்.

செல்லியம்மாளுக்கு அதைக் கேட்டதும் அழுகை நின்றுபோயிற்று. அவள் மகள் மங்கையர்க்கரசி எலும்பும் தோலுமாக இருந்தவள். “மாப்பிள்ள வீட்ல தறிக்கு மட்டுந்தான் சோறு போடுறாங்களா?” என்று செல்லியம்மாளே அவளைக் கேலி செய்வாள். அந்த உடம்பில் ஏது கனம்? எட்டு மாதப் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் அன்று ஒரு தறியும் ஓடவில்லை. மருமகன் பழனியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். பெண்களைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

மகளைக் குளிப்பாட்டிய அன்னம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். “அந்தக் காலமா இருந்தா கல்லு நட்டிருப்பாங்கமா. வயித்துச் சொமையோட போனவ அத எங்கதான் எறக்குவா? வழியில போறவங்க அந்தக் கல்லு மேல சொமைய வச்சா, அவளுக்கும் எறங்கும்னுவாங்க. உங்க ஏனாத்தூர் ரோட்ல சொமைதாங்கி நிக்குதே, அதுவும் அப்படி வச்சதுதான்.”

“யாருக்கு வச்சது?”

“அது யாருக்குத் தெரியும்?”

செல்லியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கீரைக்கூடையை அந்தக் கல்லில்தான் இறக்கி வைக்கிறாள். தோள் உயரத்துக்கு இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்கே ஒன்று. யார் துணையும் இல்லாமல் கூடையை இறக்கலாம், ஏற்றலாம். சின்ன வயதில் கூடவே வரும் மங்கை, “இத யாருமா வச்சது?” என்று தொணதொணப்பாள். “ராஜா வச்சதுடி, கோயில் கட்டி மீந்த கல்லு” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். காஞ்சிபுரத்தில் எந்தக் கல்லைப் பற்றிக் கேட்டாலும் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வந்தபோது மங்கை அந்தக் கல்லில் துணிமூட்டையை வைத்து, “அப்பாடா” என்று சாய்ந்து நின்று சிரித்தாள். வருகிற மாதம் வளைகாப்பு என்று நாள் பார்த்திருந்தார்கள்.

ஆண்கள் புதைத்துவிட்டுத் திரும்பியதும் செல்லியம்மாள் எல்லார் முன்னாலும், “கல்லு நடணும்” என்றாள்.

பழனியின் பெரியப்பா பூவராகவன் எந்தச் சாவிலும் முன்னால் நின்று வேலை வாங்குவார், பாடையை மட்டும் தொடமாட்டார். “இன்னாமா நீ, ஊரே பஸ்ல போவுது. கல்ல நட்டு வச்சிக்கினு, எவ தலைச்சொமையோட வருவான்னு காத்துக்கினு இருப்பியா?” என்றார்.

கணவன் கண்ணாயிரம் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். மறுநாள் பால் தெளிக்க வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் ஊருக்கு நடந்தார்கள். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எங்க நடுறது செல்லி? நமக்குக் காலு வைக்க நெலம் இருக்குதா? ரோடு கவர்மெண்டுது.” அதற்கு மேல் முடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். பெண்டாட்டி கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழகாத மனுஷன்.

சுமைதாங்கி அதே இடத்தில் நின்றது. வெற்றிலை போடுகிறவர்கள் துடைத்த சுண்ணாம்பு அதில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. செல்லியம்மாள் முந்தானையில் எச்சில் தொட்டு அதைத் துடைத்தாள். சுண்ணாம்புக்கு அடியில் எழுத்துப் போல ஏதோ விரலுக்குத் தட்டுப்பட்டது. பாதிக்கு மேல் மழுங்கியிருந்தது.

“பேரு இருந்திருக்கும், அழிஞ்சி போச்சி” என்றார் கண்ணாயிரம்.

“எவ பெத்த பொண்ணோ. எம் பொண்ணும் இதுலயே ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்யா. அவ இன்னா, வேணான்னா சொல்லப் போறா?”

இருவரும் கல்லடியில் உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் வந்தது. கூடைகளெல்லாம் அதன் தலைமேல் இருந்தன. புழுதி அடங்கியதும் கண்ணாயிரம், “வா, போவலாம்” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. பூவராகவன் சொன்னது சரியாகிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வரப்பிலிருந்து ஒருத்தி புல்லுக்கட்டோடு ஏறி வந்தாள். முன்பின் பார்த்த முகமில்லை. அதைக் கல்லின் மேல் தள்ளி, “அப்பாடா” என்றாள்.

 செல்லியம்மாள் கல்லை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வந்தவள் கழுத்தைத் துடைத்தாள், சும்மாட்டைச் சரிசெய்தாள். “கொஞ்சம் கை குடுமா, கட்டு ஈரம், கனக்குது.”

“இன்னும் செத்த நேரம் அங்கயே இருக்கட்டும்மா” என்றாள் செல்லியம்மாள்.

வந்தவள் இருவரையும் பார்த்தாள். சாவுக்குத் தலைமுழுகி அவிழ்ந்து கிடந்த செல்லியம்மாளின் முடியைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். புல்லுக்கட்டிலிருந்து தண்ணீர் கல்வழியே சொட்டிக்கொண்டிருந்தது.