மலைநாட்டின் பெயர் கடலில்

மகளுக்கு உடம்பு முடியாதபோது துணைக்கு வந்த மாமனார், அவள் போன பிறகும் மருமகனோடே தங்கிவிட்டார். ஒரே வீடு, இரண்டு ஆண்கள். பேச்சு உப்பு மாதிரி அளவாகத்தான். அவளைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நாளைக் காலையில் அவருடைய மகன் காரோடு வருகிறான், அப்பாவைத் தன் ஊருக்கு அழைத்துப்போக. 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைப் பிரித்துவிடுவார். மருமகனுக்கும் அது தெரியும். அந்த வார்த்தையைத்தான் இன்னும் சொல்லவில்லை.

அவனுக்கு வரைபட அச்சகத்தில் வேலை. ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர் சரிபார்ப்பது. இன்றைக்கு எந்த நாடு என்று சாப்பிடும்போது மாமனார் கேட்டார். சான் மரினோ, நவுரு என்றான். முதலாவது மலைமேல், சுற்றிலும் ஒரே நாடு. மற்றது பெருங்கடல் நடுவே ஒரு பொட்டுத் தீவு. இரண்டிலும் பெயர் எழுத இடமில்லை. தீவின் பெயரைப் பக்கத்துத் தண்ணீரில் போடுவார்கள். மலைநாட்டுக்கு, சுற்றியுள்ள நாட்டைத் தாண்டி ஒரு கோடு இழுத்து, அதன் பெயரையும் கடலில் கொண்டுபோய் விடுவார்கள்.

"மலைக்காரன் பாடு தேவல மாப்பிள்ளை. கோவிச்சுக்கிட்டு கிளம்புனா எந்தப் பக்கமும் ஆள் இருக்கும். தீவுக்காரன் குளிச்சிட்டுத்தான் திரும்பணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பின் கடைசியில் மூக்கால் ஒரு சத்தம். அவள் சிரிப்பும் அப்படித்தான் முடியும். இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"தீவுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு தீவு இருக்கு. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர்."

"அதப் போய் பக்கம்னா?"

"அத விட்டா வேற கிடையாது, மாமா."

பெரியவரின் கை சோற்றில் நின்றது. இன்னும் ஏதாவது சொல்வான் என்று பார்த்தார். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

காலையில் பெட்டியை அவனே காரில் ஏற்றினான். ஏறி உட்கார்ந்தவர் கதவைச் சாத்தாமல் அவன் முகத்தையே பார்த்தார். அவன் சாத்தினான். "பாத்துப் போங்க" என்றான்.

அச்சகத்தில் திருத்தவேண்டிய வரைபடப் படி காத்திருந்தது. மலைநாட்டுக்குக் கோடு விட்டுப்போயிருந்தது. பெயர் மட்டும் கடலில் கிடந்தது, யாருக்கும் சொந்தமில்லாததுபோல. சிவப்புப் பேனாவை எடுத்து மலையிலிருந்து கோட்டை இழுத்தான். கரைவரை வந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது.