மூன்று வருஷத்து ஆல்புமின்

செல்லக்கிளியின் வீட்டுக்குள் புரதம் என்ற சொல் நுழைந்ததே ஒரு லேப் காகிதத்தின் வழியாகத்தான். அதற்கு முன்னால் அங்கே யாரும் புரதம் சாப்பிட்டதில்லை. பருப்பு சாப்பிட்டார்கள், முட்டை சாப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையானால் கோழி சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

அவள் கணவன் அன்புச்செல்வன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்காரன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரிப் போடுவது அவன் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மெடிக்கல் உண்டு. கண், காது, பிரஷர், ரத்தம், சிறுநீர். ஒன்றில் தவறினாலும் பாஸ் நின்றுவிடும். நின்றால் அந்த இடத்துக்கு மந்தாரக்குப்பத்திலேயே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மெடிக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவனாகவே கடைத்தெரு லேபில் ஒரு சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்தான். ஆல்புமின் என்ற வார்த்தைக்கு எதிரே இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தது. பிளஸ் என்றால் நல்லதுதானே என்று புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷமே பட்டார்கள். லேபில் இருந்த பெண்தான் சொன்னாள், "புரோட்டீன் வெளிய போவுதுங்க. டாக்டர பாருங்க."

டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் பார்த்தது சூப்பர்வைசர் சிங்காரவேலுவை. அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்யும் கெடுதலுக்குக் கணக்கே கிடையாது.

"அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வந்த?" என்றார். "நம்ம செட்டுல பாதிப் பேரு அடுத்தவனோடததான் குடுத்துகினு இருக்கான். உன் வூட்டுல ஆள் இல்லையா?"

ஆள் இருந்தாள். செல்லக்கிளி அந்த லேப் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, இருமல் மருந்து பாட்டில் ஒன்றை வெந்நீரில் மூன்று தரம் கழுவினாள். மருந்தின் பிசுக்கு ஒட்டியிருந்தால் சர்க்கரை என்று காட்டிவிடுமாம். அதில் தன் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். சாயங்காலம் 'ஆல்புமின் இல்லை' என்று காகிதம் வந்தது. பரீட்சையில் தானே பாஸ் ஆனதுபோல அவளுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. மறு வருஷம் அவளுக்கு வீட்டுவிலக்கு நாள் மெடிக்கல் நாளிலேயே விழும் போலிருந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று, தள்ளிப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் அவன் கேட்கவே இல்லை. காலையில் பாட்டில் தயாராக இருந்தது.

அதற்காக நோயை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. புரதம் வெளியே போகிறதென்றால் உள்ளே போட வேண்டும், இதில் என்ன சந்தேகம்? தினம் நாலு முட்டை வேகவைத்தாள். வாரத்துக்கு ஒரு நாள் இருந்த கறி இரண்டு நாளாயிற்று. டப்பாவில் விற்கிற புரோட்டீன் மாவைப் பாலில் கலக்கி, ஷிப்ட் முடிந்து வந்தவனை நிற்க வைத்துக் குடிக்கச் சொன்னாள். "போதும்டி" என்று அவன் முகத்தைச் சுளித்தால், "போறதுக்கு மேல போட்டாதானே நிக்கும்" என்று அதட்டினாள். கக்கூஸில் அவன் சிறுநீரின் நுரை மட்டும் நின்றபாடில்லை. தண்ணீர் ஊற்றினால் போகிற நுரைதானே என்று இரண்டு பேரும் அதற்குப் பழகிப்போனார்கள்.

இந்த ஆவணி மாதம் அவன் கால் வீங்கியது. பூட்ஸில் கால் நுழையவில்லை. அப்புறம் முகம். அப்புறம் எதைத் தின்றாலும் வாந்தி. சனி, ஞாயிறு மந்தாரக்குப்பம் நர்சிங் ஹோமுக்குக் கிட்னி டாக்டர் வருவார் என்று கேள்விப்பட்டு சனிக்கிழமையே அழைத்துப் போனாள். வீட்டிலிருந்த காகிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள். என்னென்ன எடுத்தோம் என்று அவள் யோசிக்கவில்லை.

டாக்டர் காயத்ரிக்குச் சின்ன வயசுதான். காலையில் எடுத்த ரத்தச் சோதனையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. அவன் காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, எழும்பவே இல்லை.

"நம்ம ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதம் இருக்கு. பெரிய மூலக்கூறு. நல்ல கிட்னியில அது நுழைஞ்சு வெளிய வர முடியாது. கிட்னியோட சல்லடை கெட்டுப் போனாத்தான் வரும். அது போயிட்டா ரத்தத்துல தண்ணி நிக்காது, உடம்புக்குள்ள கசிஞ்சு வீங்கும்" என்றார்.

"நான் நெறய முட்டை குடுத்தேங்க" என்றாள் செல்லக்கிளி.

"ஓட்டைய அடைக்காம ஊத்தினா நிக்குமாம்மா? அதுவும் கிட்னிக்கு ஒரு சுமைதான்." அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

பிறகு டாக்டர் அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் மெடிக்கல் காகிதங்கள் மூன்றும் இருந்தன.

"இருங்க இருங்க. ஏழு மாசம் முன்னாடிகூட ஆல்புமினே இல்லையே! மூணு வருஷமா சுத்தமா இருந்திருக்கு. அப்ப இது திடீர்னு வந்தது." அவர் குரலே மாறிவிட்டது. "திடீர்னு வர்றதுல சிலதைத் திருப்பிடலாம். இப்பவே ஊசி ஆரம்பிக்கிறேன். கடுமையான மருந்துதான், உடம்போட எதிர்ப்பு சக்தியையே அடக்கும். ஆனா சான்ஸ் இருக்கு. அப்புறம் புதுச்சேரி போயி மத்த டெஸ்ட் எல்லாம் எடுத்துக்கலாம்."

அன்புச்செல்வன் சிரித்தான். வீங்கிய கன்னத்துக்குள் கண் இரண்டும் காணாமல் போகிற மாதிரி சிரித்தான். கால் வீங்கியதிலிருந்து அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. "அப்ப தீபாவளிக்குள்ள வேலைக்குப் போயிடலாங்களா?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரியாதா? தெரியும். அக்குளில் இடுக்கிப் போனவனே அவன்தானே! ஆனாலும் அந்த நிமிஷம் அந்தக் காகிதத்தை அவன் நம்பினான். தன் பெயர், தன் வயது, தன் பாஸ் நம்பர் போட்டிருக்கிற காகிதத்தை ஒருவன் நம்பாமல் என்ன செய்வான்?

நர்ஸ் ஊசிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன கடுமையான மருந்து அதுதான் என்று செல்லக்கிளிக்குத் தெரிந்தது. சொன்னால் அவன் சிரிப்பு போகும், பாஸும் போகும். சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு அந்த மருந்து ஏறும். அவன் அவளையே பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினானா, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

"அது என்னுதுங்க" என்றாள்.

"எது?"

"மூணு வருஷமும் நான்தாங்க குடுத்தேன். பாஸ் நின்னுடும்னு குடுத்தேன். இவருக்கு அப்பவே ரெண்டு பிளஸ்ஸு."

டாக்டர் நர்ஸிடமிருந்து சீட்டை வாங்கி நடுவில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னி இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. வருஷக் கணக்கில் ஆனால்தான் இப்படிச் சுருங்குமாம். இனிமேல் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். திரும்பி வராது என்பதை டாக்டர் மிக மெதுவாகச் சொன்னார்.

"என்னுத எடுத்துக்குங்க" என்றாள் செல்லக்கிளி உடனே. "என் கிட்னி நல்லாத்தானேங்க இருக்கு? மூணு காகிதம் இருக்கே சாட்சிக்கு."

டாக்டர் அவன் கழுத்தில் தொங்கிய பாஸைத் திருப்பிப் பார்த்தார். ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்றிருந்தது. அவளுடையது பி பாசிட்டிவ். மகள் பிறந்தபோது பார்த்தது, அவளுக்கே தெரியும்.

"உங்க ரத்த அணு மேல சர்க்கரைச் சங்கிலி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும்மா. உங்க கிட்னியிலயும் அது இருக்கும். அவர் உடம்புல அது கிடையாது. உங்க கிட்னிய வச்சா, வேத்து ஆளுன்னு அவர் உடம்பே அடிச்சுப் போட்டுடும். அதையும் மீறிச் செய்யிற பெரிய இடங்க இருக்கு. ஆனா இப்ப இவர் உடம்பு தாங்காது."

"பதினாறு வருஷம் கூட இருந்திருக்கேங்க" என்றாள் அவள், அது ஏதோ கணக்கில் சேரும் என்பதுபோல. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மதிய ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வேனுக்குள்ளிருந்து தெரிந்தவர் யாராவது கூப்பிட்டிருக்கலாம், அவன் தலை தூக்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தண்ணீரும் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, மூடியைத் திருகி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் கிளி" என்றான் அன்புச்செல்வன், தன் காலைப் பார்த்தபடியே. "ஊசிய நாளைக்குப் போட்டுக்கிறோம்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். நாளைக்குக் காத்தால வந்து சொல்லியிருக்கலாம். இன்னைக்கு ஒரு ராத்திரியாச்சும் சரியாப் பூடும்னு நெனச்சிகினு தூங்கியிருப்பேனே?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.