எல்லாருக்கும் ஆபீஸ் விலாசம்

சனிக்கிழமை பின்னேரம் என்றால் பாசிமலைத் தோட்டத்து ஆபீஸ் ஜன்னலடியில் கடிதத்துக்குக் கூட்டம் நிற்கும். கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் ஈரக் கம்பளியும் வெறுங்கூடையுமாக மழைத் தூறலில் நிற்பார்கள். கிளாக்கர் கந்தப்பன் உள்ளே மேசையில் இருந்தபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். லயம் என்ற வரிசை வீடுகளில் நானூறு குடும்பம் உள்ள தோட்டம் அது. நானூறுக்கும் விலாசம் ஒன்றுதான்: மேலே பெயர், கீழே தோட்டத்து ஆபீஸ். வெள்ளைக்காரன் தன் வசதிக்கு வைத்துவிட்டுப் போன வழக்கம். அவன் போய் அறுபது வருஷம் ஆகியும் அதை மாற்ற யாருக்கும் கை வரவில்லை.

இது இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கதை.

அன்றைக்குக் காளியாயிக்கு ஒரு கடிதம் இருந்தது. மேக்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் இருப்பவள். அவளோடு கொழுந்து எடுக்கும் பக்கத்து வீட்டு நிஷாந்தி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். கண் கிளினிக்குக்கு வரச் சொல்லி எழுதியிருந்தது. வரச் சொன்ன தேதி போன செவ்வாய்க்கிழமை.

"அய்யா, இது எப்ப வந்துச்சுங்க?" என்று ஜன்னலில் கேட்டாள் காளியாயி.

"வந்துச்சு, இருந்துச்சு. ஒனக்குன்னு தனியா மணியடிச்சுக் கூப்பிடணுமா?"

"அதுக்கில்லீங்க. தபால்காரரு நேரா லயத்துக்கே கொண்டாந்து குடுத்தா எம்புட்டு நல்லாருக்கும்!"

"லயத்துக்கு ஏது விலாசம்? நல்ல கத பேசுற, போ."

கூட்டம் சிரித்தது. காளியாயியும் சிரித்துக்கொண்டு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய கிளினிக் நாள் அது. என்ன செய்ய, இனி இன்னொரு ஆறு மாதம்.

கந்தப்பன் கெட்டவர் இல்லை. அவரும் லயத்தில் பிறந்தவர்தான், கீழ்க்கணக்கில். படித்து, கால்சட்டை போட்டு, பத்தொன்பது வருஷமாக அந்த மேசையில் இருந்து அலுத்துப்போனவர். ஒரு கடிதத்தை யாரிடமாவது கொடுத்து மேலே அனுப்பியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அலுத்துப்போனவனுக்கு எதுதான் தோன்றும்?

கூட்டம் கலையும் நேரத்தில் ஓர் இளைஞன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். பெயர் ஜெயதீபன். ஊர் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில். வாகனங்களுக்குள் வைத்து வழி காட்டும் கருவிக்குப் படம் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவனைத் தோட்டம் தோட்டமாக அனுப்பியிருந்தது. கையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு மெஷின். ஓரிடத்தில் அதோடு போய் நின்று பெயரை அழுத்தினால், அந்த இடம் படத்தில் ஏறிவிடும்.

"நீங்கதானே அண்ணை கிளாக்கர்? இந்தத் தோட்டத்து நாலு பிரிவுக்கும் நான் போகோணும். மேல் பிரிவுக்கு எப்பிடிப் போறது?"

"குறுக்குப் பாதையில ஒரு மணி நேரம் ஏறணும். வண்டின்னா மெயின் ரோட்டுக்குப் போயி, பக்கத்துத் தோட்டம் வழியா சுத்தி வரணும். பதினோரு கிலோமீட்டர். உங்ககிட்ட வண்டி இருக்கா?"

"பஸ்ஸிலதான் வந்தனான்."

அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து இரண்டு சோதனைச் சாவடியில் அவனை இறக்கி நிறுத்தியிருந்தார்கள். யுத்த காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் கையில் இப்படியொரு மெஷினும் என்றால் சும்மா விடுவார்களா? கம்பெனிக் கடிதத்தைக் காட்டிக் காட்டியே அதன் மடிப்புக் கிழிந்துவிட்டது. இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பாவிட்டால் மூன்றாவது விசாரணையும் நடக்கும்.

ஜன்னலடியில் கேட்டுக்கொண்டிருந்த காளியாயி தலையை நீட்டினாள். "நா இப்ப மேலதான் போறேன் தம்பி. கூட வாங்க, காட்டுறேன். அட்டை கடிக்கும்னு பயப்படாதீங்க. காலுல சவுக்காரம் தேச்சுக்கிட்டா ஒட்டாது."

ஜெயதீபன் அவளைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மேகம் இறங்கிப் பாதையை மூடிக்கொண்டிருந்தது.

கந்தப்பனுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போகும் அவசரமும் இருந்தது. "அந்தப் புள்ளைய ஏன் போட்டுக் கஷ்டப்படுத்துற? தம்பி, ஒங்களுக்கு வேண்டியது விலாசந்தானே? நாலு கணக்குக்கும் விலாசம் இந்த ஆபீஸ்தான். நூறு வருசமா அப்படித்தான். இங்கயே நின்னு நாலையும் அழுத்திட்டுப் போங்க."

"பிழையில்லையோ அண்ணை?"

"பொய்யா சொல்றேன்? எந்தக் காயிதத்த வேணாலும் எடுத்துப் பாருங்க."

பொய் இல்லைதான். அதுதான் இதில் உள்ள கொடுமை. ஜெயதீபன் ஆபீஸ் வாசலில் நின்றபடியே நாலு பெயரையும் அழுத்தினான். போகும்போது மனம் கேட்காமல் ஒரு கார்டைக் கொடுத்தான். "ஏதும் பிழை தெரிஞ்சா ஒரு கோல் எடுங்கோ. திருத்தலாம்." கந்தப்பன் அதை மேசை லாச்சிக்குள் போட்டார். காளியாயி வெறுங்கூடையைச் சரி செய்துகொண்டு தனியாக மலை ஏறினாள்.

அடுத்த வருஷம் மேக்கணக்கில் ஒரு கல்யாணம். கொழும்பிலிருந்து வந்த வேனை வழிகாட்டும் மெஷின் நேராக ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து விட்டது. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் குறுக்குப் பாதையில் வழுக்கி விழுந்து எழும்பி ஏறிய கதையைச் சொல்லித் தோட்டமே சிரித்தது. கந்தப்பனும், "மெஷினா இருந்தாலும் மொதல்ல ஆபீசுக்கு வந்துதான் மேல போவணும்ல!" என்று சொல்லிச் சிரித்தார். லாச்சிக்குள் கிடந்த கார்டு ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

அதே வருஷம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேக்கணக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குளவிக் கூடு கலைந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு அலறி ஓடினார்கள். நிஷாந்தி கால் இடறி விழுந்துவிட்டாள். காளியாயி ஓடியவள் திரும்பி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போட்டு மூடி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். குளவி விலகிப்போனபோது அவள் முகம் அடையாளம் தெரியவில்லை.

தோட்டத்துக் கொழுந்து லொறி அன்றைக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. டவுனில் ஒரு தர்ம ஸ்தாபனம் புதிதாக ஓடவிட்டிருந்த அம்புலன்ஸ் நம்பர் நிஷாந்தியின் போனில் இருந்தது. வீங்கிய விரலால் அவளே அழுத்தினாள்.

"பாசிமலை மேக்கணக்கு, அப்பர் டிவிஷன். சீக்கிரமா வாங்க. பாதை வந்து..."

"பாதை சொல்ல வேணாம், மெஷின் இருக்கு. அது காட்டும்," என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். பண்டார என்ற அந்த டிரைவர் குருணாகல் பக்கத்துச் சிங்களவன். மலைநாட்டுக்கு வந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. நல்ல வேகமாகவே வந்தான். இருபத்தைந்து நிமிஷத்தில் ஆபீஸ் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தான்.

கந்தப்பன் வெளியே வந்தார். "இங்க எதுக்கு வந்தீங்க? குளவி கொட்டுனது மேக்கணக்குலல்ல?"

"இதுதானே மாத்தயா அப்பர் டிவிஷன்? மெஷின்ல இங்கதான் காட்டுது."

கந்தப்பன் எட்டிப் பார்த்தார். நாலு பிரிவின் பெயரும் ஒன்றின்மேல் ஒன்றாக அவருடைய ஆபீஸ் கூரைமேல் நின்றன. "அய்யய்யோ, திருப்புங்க! வண்டியத் திருப்புங்க!" என்று கத்திக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். யாரையாவது குறுக்குப் பாதையில் ஓடவிட்டு மேலே தகவல் சொல்லவேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. போனில் சொல்லலாம் என்றால், ஆபீஸ் இருக்கும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு அம்புலன்ஸ் ஆபீஸ் வாசலில் நிற்பது தெரிந்தது. "ஆபீசுலயே நிக்குதே! ஏறி வராது போலருக்கு. நாமளே எறக்கிருவோம்," என்றான் காளியாயியின் புருஷன் அழகுமுத்து. கம்பளியைக் கம்பில் கட்டி அவளைக் கிடத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேகம் மூடிவிட்டது. வண்டி கிளம்பிப் போனதை அவர்கள் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் சுற்றி அம்புலன்ஸ் மேக்கணக்கில் ஏறியது. அங்கே சிதறிக்கிடந்த கூடைகளும் சில பெண்களும், முகம் வீங்கி உட்கார்ந்திருந்த நிஷாந்தியும்தான் இருந்தார்கள்.

"வண்டி கீழ நிக்குதுன்னு எறக்கிட்டுப் போய்ட்டாங்களே அய்யா!" என்று அவள் அழுதாள்.

அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி அதே பதினோரு கிலோமீட்டர். ஆபீஸுக்கு வந்தபோது, கடிதத்துக்குக் கூட்டம் நிற்கும் அந்த ஜன்னலடியில், சிமெந்துத் தரையில் காளியாயி கிடந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொட்டகலைக் கடைத்தெருவைத் தாண்டும்போது அதுவும் நின்றது. நிஷாந்தி மட்டும் பிழைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் அழகுமுத்து ஆபீஸுக்கு வந்தான். மரணத்தைப் பதிவதற்குத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். கந்தப்பன் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார், வயது எழுதினார். விலாசம் என்ற இடத்தில், இருபது வருஷப் பழக்கத்தில், கை தானாக ஆபீஸ் பெயரை எழுதத் தொடங்கியது.

"அய்யா," என்றான் அழகுமுத்து. சத்தமே போடவில்லை. "கோவிச்சுக்காதீங்க. செத்த பெறகாவது அவ இருந்த எடத்த எழுதுங்கய்யா."

கந்தப்பனின் பேனா நின்றது. "எந்த லயம் நீங்க?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஆறாம் லயம், நாலாவது காம்பிரா."

எழுதியதை வெட்டிவிட்டு, லயத்தையும் அறையையும் அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். அவன் போனபின் லாச்சியைத் தலைகீழாகக் கொட்டிக் கார்டைத் தேடினார். அதை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேடுவரை நடந்துபோய் ஜெயதீபனைக் கூப்பிட்டார்.

நடந்ததை ஜெயதீபன் முழுக்கக் கேட்டான். பிறகு, "சவுக்காரம் தேய்க்கச் சொன்ன அம்மாவோ?" என்று கேட்டான். பத்தாம் நாள், கம்பெனி அனுப்பாமலே லீவு போட்டு வந்துவிட்டான்.

இருவரும் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். மழைதான். கந்தப்பன் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேக்கணக்குக்கு அவர் நடந்து ஏறி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆறாம் லயத்து நாலாவது காம்பிரா வாசலில் அழகுமுத்து நின்றான். நிஷாந்தி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் தடிப்பு இன்னும் வற்றவில்லை.

ஜெயதீபன் மெஷினை வாசற்படியில் வைத்து அழுத்தினான். "அண்டைக்கே நான் ஏறியிருக்கோணும். அவ கூப்பிட்டவ."

"நீங்க ஏறத்தான் பாத்தீங்க தம்பி, தடுத்தது நான்," என்றார் கந்தப்பன். "ஒரு மணி நேர ஏத்தம். பேனா புடிச்ச நானும் ஏறல, மெஷின் புடிச்ச நீங்களும் ஏறல. நாம ஏறாத மலையில அவள நாலு பேரு தூக்கிக்கிட்டு எறங்குனாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மேக்கணக்கின் ஒன்பது லயமும் படத்தில் ஏறின. மற்றக் கணக்குகளுக்கு அடுத்த நாள் போனார்கள். படம் திருந்தி வண்டிகளுக்கு வந்துசேர நாலு மாதம் ஆகும் என்றான் ஜெயதீபன். லயத்துக்கே தபால் வரவேண்டும் என்று கந்தப்பன் எழுதிய மனுவைத் தோட்ட மேலாளரான துரை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார். இன்னும் பார்க்கிறார். அதுவரை சனிக்கிழமைகளில் கந்தப்பனே கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார். முழங்கால் வலிக்கிறது என்று முணுமுணுக்கிறார், ஆனால் போகிறார்.

அன்றைக்கு அவர்கள் புறப்படும்போது அழகுமுத்து உள்ளே போய் ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்துவந்து நீட்டினான். "அவ வச்சிருந்ததுதான். காலுல தேச்சுக்கிட்டு எறங்குங்க தம்பி, அட்டை ஏறாது."

ஜெயதீபன் அதை வாங்கிக் காலில் தேய்த்துக்கொண்டான். அழகுமுத்து பேசினான்.

"நா படிக்காதவன். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஆபீஸ் விலாசம் காயிதத்துக்குப் போதும், மனுசனுக்குப் பத்தாதுங்கய்யா. மனுசன் எங்க இருக்கான்னு, அவன் வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுத்தான் எழுதணும்."