கோல் அடிக்காதவனின் முழங்கால்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. இந்தப் பனி ஊரின் மெற்றோ ரயிலில் ஓசியில் கிடைத்தது. ஒறேஞ் லைன் லவால் வரை நீண்ட அந்த 2007ஆம் ஆண்டில், யோசெப்பின் என்ற ஓர் அக்கா என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தன் மகன் றெக்ஸைப் பற்றிச் சொன்னார். அவர் இறங்கிப் போனார். நான் கதையோடு வீட்டுக்கு வந்தேன்.*

* பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்த ஊரில் எத்தனை தமிழர் சம்பளத்துக்கு ஹொக்கி ஆடினார்கள் என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பனித்தரை மின்ன, சனம் எழுந்து நிற்க, றெக்ஸ் பந்தை

(ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லையாம், கறுப்பு றப்பர் வட்டாம். நான் வல்வெட்டித்துறைக்காரன். எனக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது.)

இரண்டாம் தொடக்கம்: "கடைசி நிமிடத்தில் அவன் அடித்த கோல்

றெக்ஸைத் தேடிப் போய் இதை அவனிடமே வாசித்துக் காட்டினேன். முப்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்ட ஆள். சிரித்தான்.

"அண்ணை, நான் டிஃபென்ஸ். கோல் அடிக்கிறது மற்றவையின்ர வேலை. வாறவனை மறிக்கிறதும் வட்டுக்குக் குறுக்கை விழுறதும்தான் என்ர வேலை."

"அப்ப உன்னை எப்பிடிக் கதாநாயகனாக்கிறது?"

"ஆக்காதேங்கோ."

மன்னாரில் பிறந்தவன் சின்ன லீக்குகளில் பஸ்ஸில் ஊரூராக அலைந்து ஹொக்கி ஆடினான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. முன்பற்கள் இருந்த இடத்தைத் திறந்து காட்டினான். நம்பினேன்.

3

அக்கா மெற்றோவில் சொன்னது இதுதான். மகன் ஆடத் தொடங்கிய வருடமே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாராம். உடம்பில் பழுதில்லாமல் விளையாட்டை விட்டு வந்தால், இங்கேயுள்ள கோயில் திருவிழாவில் மாதாவின் சுரூபத்தை, அந்தச் சிலையை, அவன் முன்னால் நின்று சுமப்பான். (மகனைக் கேட்டாரா? நேர்த்தி வைக்கும் தாய்மார் பிள்ளைகளைக் கேட்பதில்லை.)

"பல்லுப் போட்டுதெண்டு இப்பதானே சொன்னியள் அக்கா?"

"பல்லு இதில சேராது தம்பி. அது கட்டலாம்."

அவர்களின் பங்கில், அந்தக் கோயிலைச் சேர்ந்த சனத்திடம், ஒரு வழக்கம் உண்டு. மாதாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்று, கோயில் படிகளில் முன்னால் சுமப்பவர்கள் பின்பக்கமாகவே இறங்குவார்கள்.

"டிஃபென்ஸ்காரர் பின்பக்கமாத்தான் சறுக்கிறவை. இவ்வளவு காலமும் மாதா அவனை இதுக்குத்தான் பழக்கினவ."

இதைக் கேட்டதும் நல்ல பகிடிக்கதை என்று துள்ளிக் குதித்தேன்.

4

துள்ளினது போதும். றெக்ஸ் காற்சட்டையை மேலே இழுத்து இடது முழங்காலைக் காட்டினான். வெட்டித் தைத்த தழும்பு, பக்கத்தில் இன்னொன்று.

"சாதாரணமாப் படியிறங்கவே கைபிடி வேணும். சுரூபத்தோட எப்பிடி இறங்கிறது?"

"கொம்மாவுக்குத் தெரியாதோ?"

"தூர ஊர்களில இருந்து சுகம் சுகம் எண்டு ஃபோனில சொல்லிப்போட்டன்."

"இப்ப சொல்லன்."

"சொன்னா, மாதா தன்ர மன்றாட்டைக் கேக்கேல்லை எண்டு நினைப்பா. அவவுக்கு வேற என்ன கிடக்கு அண்ணை?"

எனக்கு அழுகை வந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

முடிவு அ: கால் மடங்குகிறது, சுரூபம்

(முடியாது. நான் சைவன். முழுப் பங்கும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.)

முடிவு ஆ: முதல் படியிலேயே கால் சுகமாகிறது.

(அற்புதங்களை அறிவிக்க எனக்கு அதிகாரமில்லை.)

முடிவு இ: அவன் தாயிடம் போய்

"என்னால ஏலாது அண்ணை," என்றான் றெக்ஸ். "நீங்கள் எழுதிப் போடுங்கோ. தமிழ்ப் பேப்பரில வாறது ஒண்டையும் அம்மா வாசிக்காமல் விடமாட்டா."

6

மற்ற வாசகர்கள் இனிப் போகலாம். உங்களுக்கு இதற்குமேல் கதை இல்லை.

யோசெப்பின் அக்கா, தமிழ்க் கடையில் கருவேப்பிலையோடு இந்தப் பேப்பரையும் எடுத்து வந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வாசிக்கிறீர்கள். திருவிழா வருகிற ஞாயிறு. மாதா உங்கள் மன்றாட்டைக் கேட்டாவா இல்லையா என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான விசயம், அதில் நான் தலையிடமாட்டேன். அவன் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறான், அதுமட்டும்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை யார் சுமப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

அவன் முன்னறையில் ரீவி பார்ப்பதுபோல் இருப்பான். உண்மையில் நீங்கள் வாசிப்பில் எந்தப் பந்தியில் நிற்கிறீர்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பான். பேசவேண்டுமென்றால் அவனைக் குசினிக்குக் கூப்பிடாதீர்கள் அக்கா. எழும்பி வர அவனுக்கு நேரமெடுக்கும். நீங்களே போங்கள்.