எதிர்க்கடை வேலை

“லாயிட் அங்கிளை சாமிக்கும் புடிக்காதாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. நாகேஷ் ஒரு கையில் மணியும் மறு கையில் கற்பூரத் தட்டுமாகக் கடையின் சாமி படங்களுக்கு முன்னால் நின்றபடி, எதிர்க்கடை லாயிட் பாழாக்கிய ஒரு காரைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தான். மணியை நிறுத்தாமலே, “சாமிக்கு ஆயிரம் வேலை. இவனையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்குமா?” என்று சொல்லி அவள் நெற்றியில் விபூதி பூசினான்.

நீலசந்திராவின் அந்தத் தெருவில் கார்க் கதவுகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடைகள் இரண்டுதான், எதிரெதிரே. லாயிட் செய்வதை வேலை என்றே நாகேஷ் ஒப்புக்கொள்வதில்லை. டோர் பேட் எனப்படும் கதவின் உள்பக்க மூடியைக் கழற்றும்போது லாயிட் கிளிப்புகளை உடைப்பான். அவற்றுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஸ்குரூவை முறுக்குவான். வயரைப் பல்லால் கடித்து உரிப்பான். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை பரோட்டாப் பொட்டலம் பிரிப்பதுபோலக் கிழித்து எறிவான். மழையில் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர், உட்கார்ந்திருப்பவர் காலடிக்கு வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். “புது வண்டில கவர் இருக்கத்தான் செய்யும் மச்சா, கம்பெனிக்காரன் பிரிக்க மறந்துட்டான்” என்று லாயிட் எப்போதோ சொன்னதை, அவனைப்போலவே இடுப்பில் கை வைத்து, நாகேஷ் டீக்கடையில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறான். யார் வேலை கெட்டாலும், குழாய் ரிப்பேரோ கல்யாணச் சாம்பாரோ, “எதிர்க்கடை வேலை” என்பான்.

வாடிக்கையாளர்கள் மீதும் அவனுக்குப் பெரிய மதிப்பில்லை. நம்பர் பிளேட் அதிர்ந்தால்தான் பாட்டு என்று நினைக்கிறவர்கள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பதற்காகக் கடன் வாங்கி ஸ்பீக்கர் போடுகிறவர்கள். கடவுள் இவர்களுக்குக் காது கொடுத்தது கம்மல் போடுவதற்கு என்று மனைவியிடம் சொல்வான். நல்லவன்தான்; வெள்ளி தவறாமல் கோவிலுக்குப் போவான், வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுப்பான். ஆனால் கொடுத்த கை இறங்குவதற்குள் வாய் யாரையாவது இகழ்ந்துவிடும்.

டிராவல்ஸ் நடத்தும் கோவிந்தப்பா புதிதாக வண்டிகள் வாங்கியபோது, முதலில் ஒன்றை நாகேஷிடம் அனுப்பினார். வேலை பிடித்தால் மற்றவையும் அவனுக்கே, இல்லையென்றால் எதிர்க்கடைக்கு. அந்த வருடம் கடை படுத்துக்கிடந்தது. இது கிடைக்காவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு, பொம்மசந்திராவில் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே போய் நிற்க வேண்டும். கார்டு தேய்த்து உள்ளே போகிற மாடு என்று அந்த மச்சானைத்தான் தீபாவளிக்குத் தீபாவளி கேலி செய்திருந்தான்.

வண்டி வந்த நாள் ஆயுத பூஜை. முகப்பில் வாழைக்கன்று, எல்லாக் கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும். “நாகேஷப்பா, கிளாஸ் மட்டும் எறக்க பேடா, வேணாம். பொட்டு அழியக் கூடாது. நாளைக்கு எறக்கிக்கலாம், ஆய்த்தா?” என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார் கோவிந்தப்பா. பேடை மூடுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்ப்பது நாகேஷின் வழக்கம். அன்று பார்க்கவில்லை. பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேடை மூடினான். மறுநாள் விஜயதசமிக்குக் குடும்பத்தோடு ஓசூர் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் கோவிந்தப்பாவின் போன். எல்லா வண்டிகளும் அவனுக்கே. லாயிட் காதில் விழ வேண்டும் என்பதற்காக நடுத்தெருவில் நின்று பேசினான்: “கரெக்ட் சார், வேலை தெரிஞ்சவன்கிட்டதான குடுப்பீங்க! கண்டவன்கிட்ட குடுக்க முடியுமா?” எதிரே பன் தின்றுகொண்டிருந்த லாயிட் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். “சூப்பர் மச்சா!”

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த முதல் வண்டி, கதவில் ஏதோ கடகடக்கிறது என்று வந்தது. டிரைவர் மஞ்சுநாத் பக்கத்தில் நிற்க, நாகேஷ் பேடைக் கழற்றினான். அவனுடைய ஸ்பீக்கருக்கு அடியில், பிளைவுட்டில் கோணலாக அறுத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு வளையம். ஸ்குரூக்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை.

“இதுல யாரு கை வெச்சது?”

“எதிர்க்கடை அண்ணன்தாண்ணா. பூஜைக்கு மறுநாள் கிளாஸ் பாதியில நின்னுடுச்சு, உங்க கடை பந்த், அவர்கிட்டதான் காட்டினேன். புது வண்டி, ரப்பர் டைட்டு, நாகேஷ் வேலையில தப்பில்லன்னு அவரே போன் வாங்கி ஓனர்கிட்ட சொன்னாரே. உங்களுக்குச் சொல்லலியா?”

கண்ணாடியில் காந்தம் உரசிய கீறல் பிறை போலத் தெரிந்தது. வளையம்தான் ஸ்பீக்கரைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. நாகேஷுக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு கேவலமாக அறுத்திருக்கிறான் என்பதுதான். அதன் பிறகே மற்றது தோன்றியது. அந்தப் போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். வண்டிகளெல்லாம் தெருவின் அந்தப் பக்கம் நின்றிருக்கும்.

நன்றி சொல்லத் தெருவைக் கடக்க வேண்டும். பலமுறை இறங்கினான், பாதியில் டீக்கடைப் பக்கம் திரும்பிவிட்டான். இகழ்ந்தே பழகிய நாக்கு அந்த ஒரு சொல்லுக்கு வளையவில்லை.

மே மாத மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஐ.டி.யில் வேலை செய்யும் இளவேனில் என்ற பெண் காரை நிறுத்தினாள். உள்ளே நனைந்த நாற்றம்.

“அண்ணா, இது அந்தக் கடையில போட்ட ஸ்பீக்கர். மழை பேஞ்சா கால்கிட்ட மேட் எல்லாம் தண்ணி. அவர் வேலைதான் தப்புன்னா சொல்லுங்க, போட்டோவோட ரிவ்யூ போட்டு அந்தக் கடையையே மூட வெச்சுடறேன்.”

“தொறந்தாத்தாம்மா தெரியும். டிபன் சாப்ட்டு வாங்க.”

அவள் குடை விரித்துப் போனாள். லாயிட் சர்ச்சுக்குப் போயிருந்தான். மழையில் தெருவில் யாரும் இல்லை.

பேடைக் கழற்றினான். ஷீட் இல்லை. “கழுதை, கழுதை” என்று வாய் தானாகச் சொன்னது. சொல்லிக்கொண்டே புது ஷீட்டை அளந்து வெட்டினான். ஓரமெல்லாம் பிசின் டேப் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினான். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளையில் ஒரு புங்க இலை அடைத்துக் கிடந்தது. அதை எடுத்து, அவள் வந்ததும் காட்டுவதற்காக டாஷ்போர்டின் மேல் வைத்தான். இலை அடைத்திருந்தது என்று சொல்வது பொய்யாகாது. புதுக் கிளிப்புகள் பெட்டி நிறைய இருந்தும், லாயிட் முறுக்கியிருந்த அதே பொருந்தாத ஸ்குரூக்களையே முறுக்கினான். ஈரத்தில் உரிந்து தொங்கிய லாயிட் கடை ஸ்டிக்கரைத் துணியால் ஒற்றி, பழைய இடத்திலேயே ஒட்டினான்.

பிறகு குடத்துத் தண்ணீரை ஏற்றிவிட்ட கண்ணாடியின் மேல் ஊற்றினான். உள்ளே கை வைத்துப் பார்த்தான், பேட் காய்ந்திருந்தது. கதவின் அடித் துளைகளிலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாக இறங்கி, மழைநீரோடு சேர்ந்து, மூடியிருந்த எதிர்க்கடை ஷட்டரை நோக்கி ஓடியது.