காற்றுக்கு ஞாயிறு விடுமுறை

வரைபடத்தில் பதினோரு தெரு ரத்தச் சிவப்பாக இருந்தது. பன்னிரண்டாவது மட்டும் குளுகுளுவென்று நீல நிறத்தில் படுத்திருந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். நீலம் நீலமாகவேதான் இருந்தது.

“இது எந்தத் தெரு?”

“தையல் பட்டறைங்க இருக்கிற தெரு மேடம்,” என்றான் அவன்.

அலுவலகத்தில் அவனுக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். சாப்பிட்டாயிற்றா என்று யாராவது கேட்டால் “முக்கால்வாசி” என்று பதில் சொல்கிற ஆள். அப்படிப்பட்டவனைப் பிடித்து நகராட்சியின் வெப்பத் தணிப்புப் பிரிவில் போட்டது அந்த அலுவலகம் தவறிப்போய்ச் செய்த ஒரு நல்ல காரியம். வருடா வருடம் கோடை கூடிக்கொண்டே போனதால், வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளைப் பூச்சைக் கூரைகளுக்கு அடித்துக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. வந்த பூச்சு மூன்று தெருவுக்குத்தான் காணும். அடுத்தது வர இரண்டு வருடம் ஆகும். எந்த மூன்று என்பதைச் செல்வாக்கு முடிவு செய்யக் கூடாது, அளவுதான் முடிவு செய்ய வேண்டும் என்று பிரிவின் அதிகாரியான மேடம் ஒற்றைக்காலில் நின்று பன்னிரண்டு வெள்ளை டப்பாக்களை வாங்கினார். தெருவுக்கு ஒன்றாகக் கம்பத்தில் மாட்டியாயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவை சூட்டை அளந்து அனுப்பும்.

அந்த நீலத் தெருவில்தான் அவனுடைய அக்கா தகரக் கூரைக்குக் கீழே நாலு பெண்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் மட்டும் இரண்டு தடவை மிஷின் மேலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். அந்தக் கூரைக்குப் பூச்சு கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு கோடையை அவள் எப்படித் தாண்டுவாள் என்று நினைத்தாலே அவனுக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் அக்கா அங்கே இருப்பதை மேடத்திடம் அவன் மூச்சு விடவில்லை. டப்பாவை மாட்டிய நாளிலிருந்து நாற்பது நாளாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவும் இல்லை. தன் வீட்டு ஆளுக்காக அளவைத் திருத்திவிட்டான் என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது பாருங்கள், அந்தப் பயம்.

மேடத்துக்கோ கால் தரையில் பாவவில்லை. “தினம் பதினொரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் கோடு சட்டுனு எறங்குது பாத்தீங்களா? அந்த நேரத்துல எங்கேந்தோ காத்து வருது.”

“ஞாயித்துக்கிழமை எறங்கலையே மேடம்.”

மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். “அது தனியா ஆராய வேண்டிய விஷயம்,” என்றார்.

வாரத்தில் ஒருநாள் விடுமுறை எடுக்கிற காற்றை எந்தப் பாடத்திலும் அவன் படித்ததில்லை. மேடம் அதற்குள் இந்தத் தெருவின் அமைப்பை அப்படியே நகரம் முழுக்கக் கொண்டுவரலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார். மரம் கிடையாது, நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் தகரம். இதை நகரம் முழுக்கவா? அவனுக்குத் தலை சுற்றியது. சாப்பிட்ட கையோடு மேடம் ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்.

தெருமுனையில் இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. மேடம் காற்றைத் தேடி நாலு பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார்.

டப்பாவுக்கு மேலே பூப்போட்ட குடை ஒன்று விரிந்தபடி கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. டப்பா சட்டை போட்டிருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை. சீருடைத் துணியில், ஓரம் மடித்து, முன்னால் மூன்று பித்தானும் சின்னதாக ஒரு காலரும் வைத்திருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்று, சொம்பால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. மணி சரியாக இரண்டு.

“வாடா,” என்றாள் அங்கிருந்தபடியே. “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? பாத்துக்கோ, உன் மிஷினு பொறந்த கொழந்த மாதிரி இருக்கு.”

“யாரு இதுக்கு சட்ட தச்சது?” என்று மேடம் கேட்டார். குரல் ஏனோ மெலிந்து வந்தது.

“நாந்தாங்க. தொட்டா சுட்டுது. தம்பி பத்திரமா பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனான். சர்க்கார் சாமான், வெயில்ல வெந்து கெட்டுப்போனா நாளைக்கு இவன் வேலைக்கில்ல வேட்டு வப்பாங்க? ஞாயித்துக்கிழம கடை லீவு, அன்னிக்கு மட்டும் ஊத்த முடியாது. குடைய மட்டும் விட்டுட்டுப் போவேன்.”

“தம்பியா?” என்று மேடம் திரும்பினார்.

காற்றும் ஞாயிற்றுக்கிழமையும் இப்போது விளங்கிவிட்டன. மீதி இருந்தது அவன்தான். “கூடப் பொறந்தவங்க மேடம்,” என்றான். “சொல்லாதது தப்புதான். ஓரவஞ்சனைன்னு யாராவது பேசிடுவாங்கன்னு நாப்பது நாளா இந்தப் பக்கமே வரல. வந்திருந்தா மொத நாளே பாத்திருப்பேன்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “இந்த அளவு செல்லாது. அளவு கெட்டுப்போன தெரு பட்டியல்லயே வராது. விதி அப்படித்தானே?”

விதி அப்படித்தான். அதை எழுதியதே அவன்தான். நாற்பது நாள் நேர்மையாக இருந்து, கூடப் பிறந்தவள் கூரையில் தன் கையாலேயே மண்ணள்ளிப் போட்டாயிற்று. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்து, சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் நின்றாள்.

“மேடம், உள்ள ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போங்க,” என்றான். இப்படி அவன் யாரையும் கெஞ்சியதில்லை. “அளந்து பாத்துட்டு, என்ன வேணா முடிவு பண்ணுங்க.”

உள்ளே தகரம் கையெட்டும் உயரத்தில் இருந்தது. மின்விசிறி ஒன்று சூட்டையே எடுத்து எல்லார் முகத்திலும் பாரபட்சமில்லாமல் வீசிக்கொண்டிருந்தது. மேடம் பையிலிருந்து சூடு அளக்கிற கைக்கருவியை எடுத்து, அக்கா தைக்கிற மேசையில் பாதி தைத்த கால்சட்டைகளுக்கு நடுவே வைத்தார். முப்பத்தெட்டு என்று காட்டியது. நாற்பதைத் தாண்டியது. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு புள்ளி இரண்டு.

“எத்தன மணி நேரம் இங்க உக்காருவீங்க?”

“காலைல ஒம்போதுலேந்து ஆறு வரைக்குங்க. நான்தான் நடுவுல விழுந்துடறேன். வயசாச்சுல்ல, ஒடம்புல தெம்பில்ல. டானிக்கெல்லாம் குடிச்சுப் பாத்தாச்சு. இவளுங்களுக்கும் தலவலி, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. வணங்காத ஒடம்புங்க எல்லாம்.”

“இந்தச் சூட்டுல யாரா இருந்தாலும் விழுவாங்கம்மா,” என்றார் மேடம். “நானே இன்னும் கால்மணி நேரம் நின்னா விழுந்துடுவேன்.”

அக்கா கருவியைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?”

மேடம் கருவியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“ஏய், மிஷின நிறுத்திட்டு எல்லாரும் இங்க வாங்கடி,” என்றாள் அக்கா. “நமக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியாம். வந்து பாருங்க.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாலு பெண்களும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு குனிந்தார்கள். மேடம் பட்டியலை எடுத்து, இந்தத் தெருவைக் கைக்கருவியின் அளவோடு சேர்ப்பதற்குப் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்குள் அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்து பரவியது. அவர் அதைத் துடைக்கவில்லை. நாற்பத்து நான்கு புள்ளி எட்டு என்று மாறியபோது கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், ஈரக் கையை மெல்ல நீட்டி, புள்ளி ஒன்பது என்று மாறிக்கொண்டிருந்த கருவியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.